இடப்பெயர்ச்சி வினை: முதல்முறை படிப்பவர்களுக்கு, நான் சறுக்கிய இடங்களோடு ஒரு வழிகாட்டி

"காப்பர் கம்பியை இரும்பு சல்பேட் கரைசலில் வைத்தால் என்ன நடக்கும்?" ஒரு தனிமம் சேர்மத்தில் இருக்கும் இன்னொரு தனிமத்தை வெளியேற்றி அதன் இடத்தைப் பிடிப்பதுதான் இடப்பெயர்ச்சி வினை. அந்தப் பாடத்தை முடித்த மறுவாரம் தேர்வில் வந்த கேள்வி இது. நான் சமன்பாடு எழுதி, இரண்டு பக்கமும் சமன் செய்து, கீழே கோடு வேறு போட்டேன். சரியான விடை ஒரே வரி: ஒன்றும் நடக்காது.

இத்தனைக்கும் வினைத்திறன் வரிசை, அதாவது அதிகம் வினைபுரியும் உலோகம் மேலே வரும்படி அடுக்கிய பட்டியல், எனக்குத் தலைகீழாகத் தெரியும். பொட்டாசியத்தில் தொடங்கி பிளாட்டினம் வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். அதை எந்தக் கட்டத்தில், எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் தெரியவில்லை. நீங்களும் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். சமன்பாடு ஐந்தாவது படியில்தான் வரும், அதற்கு முன்னால் சமன்பாடு எழுதப் பேனாவை எடுக்காதீர்கள்.

1. மூன்று தாள்களைத் தயார் செய்யுங்கள்

முதல் தாள், வினைத்திறன் வரிசை. புத்தகத்தில் இருக்கிறதே என்று விடாமல் உங்கள் கையாலேயே ஒருமுறை எழுதுங்கள்:

பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், காரீயம், (ஹைட்ரஜன்), காப்பர், பாதரசம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம்.

ஹைட்ரஜன் உலோகம் இல்லை. அமிலங்களோடு ஒப்பிடுவதற்காக அதை நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அடைப்புக்குறி.

இரண்டாவது தாள், அயனிகளின் (எலக்ட்ரானை இழந்த அல்லது பெற்ற அணுக்கள், அணுத்தொகுதிகளின்) மின்சுமை. சோடியம், பொட்டாசியம், வெள்ளி ஆகியவற்றுக்கு 1+. மக்னீசியம், கால்சியம், துத்தநாகம், காரீயம், காப்பர் 2+. அலுமினியம் 3+. எதிர்ப்பக்கம் குளோரைடு, நைட்ரேட் இரண்டும் 1−, சல்பேட் 2−. இரும்புக்கு 2+, 3+ என இரண்டு உண்டு. ஆனால் இரும்பு ஒரு கரைசலிலிருந்து காப்பரையோ, அமிலத்திலிருந்து ஹைட்ரஜனையோ இடம்பெயர்க்கும்போது கிடைப்பது 2+ தான். இதைச் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே 3+ எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

மூன்றாவது, அணு நிறைகள் உள்ள தனிம அட்டவணை. அது ஆறாவது படிக்குத்தான் வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு புத்தகம் காப்பர் என்கும், இன்னொன்று தாமிரம், மற்றொன்று செம்பு. மூன்றும் ஒன்றுதான். ஜிங்க்கும் துத்தநாகமும் ஒன்று, டின்னும் வெள்ளீயமும் ஒன்று, லெட்டும் காரீயமும் ஒன்று. வெள்ளீயமும் காரீயமும் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பதால் நான் அவற்றை ஒரே உலோகம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அவை வேறு வேறு. பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. மின்முனை அழுத்த அட்டவணையை (எலக்ட்ரானைக் கொடுக்கும் ஆயத்தத்தை வோல்ட்டில் காட்டும் பட்டியலை) பார்த்தால் கால்சியம் சோடியத்துக்கு மேலே நிற்கும், சிலவற்றில் லித்தியம் எல்லோருக்கும் மேலே நிற்கும். பதறாதீர்கள். உச்சியில் இருக்கும் இந்த உலோகங்களின் முன்பின் வரிசையால் அடிப்படைக் கணக்குகள் மாறாது. ஏன் என்று எட்டாவது படியில் வரும்.

2. இது இடப்பெயர்ச்சி வினைதானா என்று பாருங்கள்

சமன்பாட்டின் இடது பக்கம், அதாவது வினைக்கு முன், ஒரு தனிமம் தனியாக நிற்க வேண்டும், அதன் பக்கத்தில் ஒரு சேர்மம் இருக்க வேண்டும். வலது பக்கமும் அப்படியே: வேறொரு தனிமம், வேறொரு சேர்மம். இந்த வடிவம் இருந்தால் மட்டும் மேலே போங்கள்.

இடது பக்கம் இரண்டுமே சேர்மம் என்றால் அது இரட்டை இடப்பெயர்ச்சி. பேரியம் குளோரைடு கரைசலையும் சோடியம் சல்பேட் கரைசலையும் கலந்தால் பேரியம் சல்பேட் வெள்ளை வீழ்படிவாக (கரையாத திடப்பொருளாக) இறங்கும். இங்கே எலக்ட்ரான் எதுவும் கை மாறவில்லை, அயனிகள் ஜோடி மாறின, அவ்வளவுதான். வினைத்திறன் வரிசைக்கு இதில் வேலையே இல்லை. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் நான் பேரியம் வரிசையில் எங்கே இருக்கிறது என்று கால்மணி நேரம் தேடியிருக்கிறேன்.

3. இரண்டு கேள்விகள் கேளுங்கள்

யார் தனியாக நிற்கிறார்? சேர்மத்துக்குள் இருக்கும் உலோகம் எது?

தனியாக நிற்பவர் வரிசையில் மேலே இருந்தால் வினை நிகழும். கீழே இருந்தால் நிகழாது. அவ்வளவுதான் விதி.

துத்தநாகத் துண்டு, காப்பர் சல்பேட் கரைசல்: துத்தநாகம் மேலே. நிகழும். வெள்ளிக் கம்பி, துத்தநாக நைட்ரேட்: வெள்ளி கீழே. நிகழாது. மக்னீசியம், இரும்பு சல்பேட்: நிகழும். காரீயம், மக்னீசியம் குளோரைடு: நிகழாது.

நீர்த்த அமிலம் வந்தால் சேர்மத்துக்குள் இருக்கும் "உலோகம்" ஹைட்ரஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். துத்தநாகத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் துத்தநாக குளோரைடும் ஹைட்ரஜன் வாயுவும் வரும். காப்பரைப் போட்டால் அப்படியே கிடக்கும்.

"நிகழாது" என்று வந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். "வினை நிகழாது" என்று எழுதி, ஏன் என்று ஒரு வரி சேர்த்து, அடுத்த கேள்விக்குப் போங்கள். கேள்வி கேட்டுவிட்டார்களே, ஏதாவது நடந்துதானே ஆகவேண்டும் என்று நம் மனம் சொல்லும். என்னைக் கவிழ்த்தது அந்தக் குரல்தான்.

4. ஏன் நடக்கிறது என்பதை ஒருமுறை புரிந்துகொள்ளுங்கள்

பலமுள்ளவன் வந்து நாற்காலியில் இருப்பவனைத் தள்ளிவிட்டு உட்காருவது போல என்று சொல்லித் தருவார்கள். முதல் நாளைக்கு அது போதும், இரண்டாம் நாளே அதை விட்டுவிடுங்கள். அந்த உவமையில் எலக்ட்ரானுக்கு இடமே இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். காப்பர் சல்பேட் கரைசலில் காப்பர் உலோகமாக இல்லை. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த காப்பர் அயனியாக, நீர் மூலக்கூறுகள் சூழ மிதக்கிறது. அந்த நீல நிறம் அதனுடையது. துத்தநாகத் துண்டை உள்ளே விட்டால், துத்தநாக அணு தன் இரண்டு எலக்ட்ரான்களைக் காப்பர் அயனிக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்த துத்தநாகம் அயனியாகிக் கரைசலுக்குள் போகிறது. வாங்கிய காப்பர் அயனி உலோகமாகித் துண்டின் மேல் படிகிறது. சல்பேட் இதில் எதுவுமே செய்யவில்லை, அது வெறும் பார்வையாளர் அயனி.

எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். ஆக, துத்தநாகம் ஆக்சிஜனேற்றம் அடைந்தது, காப்பர் அயனி ஒடுக்கம் அடைந்தது. இங்கே ஆக்சிஜன் எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வரிசையில் மேலே இருப்பது என்றால் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்க அதிக ஆயத்தமாக இருப்பது என்று பொருள். இதற்கு எண்ணும் உண்டு. துத்தநாகத்தின் திட்ட மின்முனை அழுத்தம் −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44, காப்பருக்கு +0.34, வெள்ளிக்கு +0.80. எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு தாராளமாக எலக்ட்ரானைக் கொடுக்கும்.

5. இப்போது சமன்பாட்டை எழுதலாம்

முதலில் சொற்களில் எழுதுங்கள்: இரும்பு + காப்பர் சல்பேட் → இரும்பு சல்பேட் + காப்பர். பிறகு குறியீடுகள். புதிய சேர்மத்தின் சூத்திரத்தை இரண்டாவது தாளில் உள்ள மின்சுமைகளைப் பார்த்து அமையுங்கள். பழைய சேர்மத்தில் இருந்த எண்களைப் பார்த்து நகலெடுக்காதீர்கள். அலுமினியமும் காப்பர் சல்பேட்டும் வினைபுரிந்தால் கிடைக்கும் அலுமினியம் சல்பேட்டில் இரண்டு அலுமினியத்துக்கு மூன்று சல்பேட். காப்பர் சல்பேட்டில் ஒன்றுக்கு ஒன்று. இதை நகலெடுத்தால் சமன்பாடு கடைசிவரை சமனாகாது.

சமன் செய்ய, எலக்ட்ரானை எண்ணுவதுதான் குறுக்குவழி. ஒரு அலுமினியம் 3 கொடுக்கும், ஒரு காப்பர் அயனி 2 வாங்கும். கொடுத்ததும் வாங்கியதும் 6 ஆக வேண்டும் என்றால் 2 அலுமினியம், 3 காப்பர். அதேபோல் ஒரு காப்பர் 2 கொடுக்கும், ஒரு வெள்ளி அயனி 1 தான் வாங்கும். எனவே ஒரு காப்பருக்கு இரண்டு வெள்ளி நைட்ரேட்.

6. எடைக் கேள்விக்குத் தயாராகுங்கள்

"தகட்டின் எடை கூடுமா, குறையுமா?" என்று கட்டாயம் ஒருநாள் கேட்பார்கள். கரைவது எவ்வளவு, படிவது எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

இரும்பு 56 கிராம் கரைந்தால் 63.5 கிராம் காப்பர் படியும். எல்லாம் ஒட்டிக்கொண்டால் எடை கூடும். துத்தநாகம் 65.4 கிராம் கரைந்தால் அதே 63.5 கிராம்தான் படியும், எடை சற்றுக் குறையும். காப்பரையும் வெள்ளியையும் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்: 63.5 கிராம் காப்பர் கரைய, 216 கிராம் வெள்ளி வந்து சேரும். கம்பி 1 கிராம் இழந்து ஏறத்தாழ 3.4 கிராம் சம்பாதிக்கிறது.

7. கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்

ஆய்வகத்தில், ஆசிரியர் அருகில் இருக்க, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து செய்யுங்கள். செலவு அதிகமில்லை: ஓர் ஆணி, கொஞ்சம் காப்பர் சல்பேட், ஒரு துண்டு உப்புத்தாள், நூல். 5 கிராம் நீலப் படிகத்தை நீரில் கரைத்து 100 மில்லிலிட்டர் ஆக்கினால் நல்ல நீலக் கரைசல் கிடைக்கும். இரண்டு சோதனைக்குழாய்களில் 10 மில்லிலிட்டர் வீதம் ஊற்றுங்கள். ஒன்றில் ஆணியை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மற்றதை அப்படியே வையுங்கள். நிறம் மாறியதா என்று நினைவிலிருந்து சொல்ல முடியாது, பக்கத்தில் ஒப்பிட ஒன்று இருந்தால்தான் தெரியும்.

எனக்கு முதல் இரண்டு முறையும் ஊற்றிக்கொண்டது. முதல் ஆணி பளபளவென்று இருந்தது. நாற்பது நிமிடம் காத்திருந்தேன், போட்டபடியே இருந்தது. அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதன் மேல் இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் கரைசலை உள்ளே விடாது. இரண்டாவது ஆணியைப் போட்ட மாத்திரத்தில் கரும்பஞ்சு போல ஏதோ அப்பிக்கொண்டது. வெற்றி என்று எழுதியும் விட்டேன். அது துத்தநாக முலாம் பூசிய ஆணி, நான் பார்த்தது துத்தநாகத்தின் வினை. மிக நுண்ணிய துகளாகப் படியும் காப்பர் முதலில் கறுப்பாகத்தான் தெரியும், பிறகுதான் செம்பழுப்பாகும்.

எனவே துருப்பிடிக்கக்கூடிய ஆணியாகத் தேர்ந்தெடுங்கள். ஈரத்துணியில் ஓர் இரவு சுற்றி வைத்தால் செந்துரு வர வேண்டும். வந்தால் அதுதான் நம் ஆணி. உப்புத்தாளால் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் தேய்த்து, தேய்த்த இடத்தை விரலால் தொடாமல் உள்ளே விடுங்கள்.

சரி, எவ்வளவு நேரம்? செம்பழுப்புப் படலம் சில நிமிடங்களில் தெரியத் தொடங்கும். 20 நிமிடத்தில் வெளியே எடுத்துப் பார்த்தால் கரைசலில் மூழ்கிய பகுதி முழுவதும் நிறம் மாறி, மேலே மூழ்காத பகுதி சாம்பல் நிறத்திலேயே நிற்கும். அந்த எல்லைக்கோடு அவ்வளவு துல்லியமாக இருக்கும். ஆனால் கரைசல் அதற்குள் பச்சையாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். புத்தகம் "இளம்பச்சை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறது. 20 நிமிடத்தில் நீங்கள் பார்க்கப் போவது சற்று வெளிறிய நீலம், அவ்வளவே. பச்சைக்கு மணிக்கணக்கில் பொறுக்க வேண்டும். இரவு முழுவதும் திறந்து வைத்தால் மஞ்சள் பழுப்பாகவும் மாறலாம். இரும்பு 2+ அயனியைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் 3+ ஆக்குவதால் வரும் நிறம் அது, உங்கள் தவறில்லை.

வெள்ளி நைட்ரேட்டில் காப்பர் கம்பி வைக்கும் சோதனை இதைவிட அழகு. கம்பியைச் சுற்றி மின்னும் ஊசிகள் முளைக்கும், நிறமற்ற கரைசல் மெல்ல நீலமாகும். ஆனால் வெள்ளி நைட்ரேட் விலை கூடிய பொருள், தோலில் பட்டால் கருங்கறை பல நாள் போகாது. சில மில்லிலிட்டர் போதும், கையுறை அவசியம். குழாயை ஆட்டாதீர்கள், ஊசிகள் உதிர்ந்துவிடும்.

மிஞ்சிய காப்பர் சல்பேட்டைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். மீன் முதலான நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. ஆய்வகக் கழிவுப் புட்டியில் சேருங்கள்.

8. விதி பொய்த்தது போல் தெரியும் இடங்கள்

சோடியத்தைக் காப்பர் சல்பேட் கரைசலில் போட்டால் காப்பர் வெளிவரும் என்று விதியை வைத்து எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். கரைசலில் பெரும்பகுதி நீர். சோடியம் முதலில் அதன் மேல்தான் பாயும். ஹைட்ரஜன் வெளிவந்து சோடியம் ஹைட்ராக்சைடு உண்டாகி, அது காப்பர் சல்பேட்டோடு சேர்ந்து நீலநிறக் காப்பர் ஹைட்ராக்சைடு வீழ்படிவைத் தரும். பொட்டாசியம், கால்சியம் கதையும் இதுதான். அதனால்தான் உச்சியில் இருப்பவர்களின் முன்பின் வரிசையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றேன். இதை நேரில் செய்து பார்க்கும் ஆசையே வேண்டாம், தீப்பற்றும்.

அலுமினியம் வேறு ரகம். வரிசையில் துத்தநாகத்துக்கும் மேலே, ஆனால் காப்பர் சல்பேட்டில் போட்டால் சும்மா கிடக்கும். மேலிருக்கும் ஆக்சைடு படலம்தான் காரணம். கரைசலில் கொஞ்சம் சாப்பாட்டு உப்பைச் சேர்த்தால் குளோரைடு அயனி அந்தப் படலத்தைச் சிதைக்கும், வினை சூடு பறக்க நடக்கும்.

காரீயம் ஹைட்ரஜனுக்கு மேலேதான் இருக்கிறது. இருந்தும் நீர்த்த கந்தக அமிலத்தில் வினை சற்று நேரத்தில் நின்றுபோகும். கரையாத காரீய சல்பேட் மேலே போர்வை போல மூடிக்கொள்கிறது.

காப்பரை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் கரையும், பழுப்பு நிற வாயுவும் எழும். காப்பர் ஹைட்ரஜனை இடம்பெயர்த்துவிட்டது என்று எழுதினால் தவறு. அந்த வாயு நைட்ரஜன் டை ஆக்சைடு. நைட்ரேட்தான் அங்கே எலக்ட்ரானை வாங்குகிறது.

கடைசியாக, இரும்பு 3+ குளோரைடு கரைசலில் காப்பர் கரையும். மின்சுற்றுப் பலகைகளில் வேண்டாத காப்பரை இப்படித்தான் அரித்தெடுக்கிறார்கள். காப்பர் இரும்பை வென்றுவிட்டதா? இல்லை. இரும்பு உலோகம் துளியும் வெளிவரவில்லை. 3+ இரும்பு 2+ ஆனது, அவ்வளவுதான். இரண்டாவது படியில் சொன்ன வடிவம் வலது பக்கத்தில் இல்லாததால் இது இடப்பெயர்ச்சியே கிடையாது.

9. ஹாலஜன்களில் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்

அலோகங்களிலும் இடப்பெயர்ச்சி உண்டு. குளோரின், புரோமின், அயோடின் என்ற வரிசையில் மேலே இருப்பது கீழே இருப்பதை வெளியேற்றும். குளோரின் நீரைப் பொட்டாசியம் புரோமைடில் விட்டால் புரோமின் வெளிவந்து கரைசல் ஆரஞ்சு மஞ்சளாகும். பொட்டாசியம் அயோடைடில் விட்டால் பழுப்பாகும், ஒரு சொட்டு ஸ்டார்ச் சேர்த்தால் கருநீலம். அயோடினைப் பொட்டாசியம் குளோரைடில் போட்டால் வினை நிகழாது.

இங்கே மேலே இருப்பது என்றால் எலக்ட்ரானைப் பறிப்பதில் கெட்டி என்று பொருள். உலோகத்தில் கொடுப்பவர் மேலே, ஹாலஜனில் வாங்குபவர் மேலே. சேர்மத்தில் பார்க்க வேண்டியதும் மாறுகிறது. பொட்டாசியத்தை விட்டுவிட்டு, புரோமைடைப் பாருங்கள். இரண்டு பட்டியலையும் ஒரே தாளில் எழுதாதீர்கள், கலந்துவிடும்.

10. ஒரு கட்டம் வரைந்து உங்களை நீங்களே சோதியுங்கள்

நேரம் அரைமணி போதும். மக்னீசியம், துத்தநாகம், இரும்பு, காப்பர், வெள்ளி என ஐந்து உலோகங்களை இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக எழுதுங்கள். அவற்றின் நைட்ரேட் கரைசல்களை மேலே வரிசையாக எழுதுங்கள். 25 கட்டங்கள் வரும். ஒவ்வொன்றிலும் நிகழும் என்றால் சரிக்குறி, நிகழாது என்றால் பெருக்கல்குறி. உலோகமும் கரைசலும் ஒன்றே ஆன 5 கட்டங்களில் கோடு.

முடித்ததும் எண்ணுங்கள். 10 சரிக்குறி, 10 பெருக்கல்குறி இருக்க வேண்டும், ஏனென்றால் எந்த இரண்டு உலோகங்களை எடுத்தாலும் ஒரு பக்கம் நிகழும், மறுபக்கம் நிகழாது. 11 வந்தால் எங்கோ ஒரு ஜோடியை இரண்டு பக்கமும் நிகழ விட்டிருக்கிறீர்கள். எனக்கு முதல்முறை 13 வந்தது.

அப்புறம் வரிசையை மறைத்துக்கொண்டு, வேறொருவரிடம் இப்படி ஒரு நிரப்பிய கட்டத்தை, உலோகங்களின் பெயருக்குப் பதில் அ, ஆ, இ, ஈ, உ என்று போட்டுத் தரச் சொல்லுங்கள். எந்த எழுத்துக்கு அதிக சரிக்குறியோ அது மேலே, எதற்கு ஒன்றுகூட இல்லையோ அது அடியில். தேர்வில் இந்தக் கேள்வியும் வரும்.